சடையன் எழுகிற வரைக்கும்

அந்தக் காலத்தில் மரங்களுக்கும் வாய் இருந்தது. மழை ஓயாத மலைச்சோலைக்குள் யாரும் எதையும் கேட்காமல் எடுத்துவிட முடியாது. கூரைக்குக் கழி வேண்டுமென்றாலும் படல் கட்டக் கொடி வேண்டுமென்றாலும், முதலில் போய்க் கேட்க வேண்டும். மலைக்குடிகளில் அப்படிக் கேட்டுவருகிற வேலை நஞ்சியின் வீட்டாருடையது. அவளுடைய தாய் போன பிறகு அந்த வேலை அவள் தலையில் விழுந்தது.

சில மரங்கள் தாராளமானவை. "இந்தக் கிளை காஞ்சுபோச்சு, எடுத்துக்க" என்று தாமாகவே சொல்லும். சில மரங்கள், "இந்த வருஷம் காய் நிறைய வச்சிருக்கேன், அடுத்த வருஷம் வா" என்று திருப்பி அனுப்பும். நஞ்சி சரிவுகளில் ஏறி இறங்கி, பதிலை வாங்கிக்கொண்டு வந்து ஊருக்குச் சொல்வாள். கால் நோகிற வேலைதான். ஆனாலும் அவளுக்கு அது பழகியிருந்தது.

அப்போது கீழே சமவெளியை ஆண்டுகொண்டிருந்த ராசாவுக்கு மாளிகை கட்டும் ஆசை வந்தது. தூண்களெல்லாம் மலைமரத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். உடையான் என்பவன் தலைமையில் வெட்டுகிறவர்கள் மேலே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் யாரையும் கேட்கவில்லை. முதல் மரத்தில் முதல் கோடாலி இறங்கியதும் அந்த மரம் அலறியது. அதன் பக்கத்து மரம் அலறியது. பிறகு சோலை முழுவதும் அலறியது. வந்தவர்கள் கோடாலியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

மறுநாள் காதில் தேன்மெழுகை அடைத்துக்கொண்டு வந்தார்கள். சத்தம் தரை வழியாக உள்ளங்காலில் ஏறி, பல்லெல்லாம் கூசியது. நாலு வெட்டு வெட்டுவதற்குள் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு தினமும் இதே கதைதான். மரம் ஒன்றும் சாயவில்லை. ஆனால் வெட்டுப்பட்ட மரங்களின் அழுகை மட்டும் பகலும் இரவும் நிற்கவில்லை.

ஊர்க்காரர்கள் தாங்க முடியாமல் சட்டிபானைகளைத் தூக்கிக்கொண்டு எதிர்மலைக்குப் போய்விட்டார்கள். நஞ்சியால் போக முடியவில்லை. அவள் புருஷன் சடையன் காய்ச்சலில் கிடந்தான். தூக்கிக்கொண்டு போனால் வழியிலேயே ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தாள். அவன் கண் மூடுவான். ஒரு மரம் கேவும். திடுக்கிட்டுக் கண் திறப்பான். அவனோடு அவளும் விழித்திருந்தாள். கஞ்சி வைக்க அடுப்பு ஊதும்போதே அவளுக்குத் தலை தொங்கிவிடும். கண்ணுக்குள் மணலைக் கொட்டியது மாதிரி இருந்தது.

ஒரு விடிகாலையில் உடையான் அவள் வாசலுக்கு வந்தான். அவனும் தூங்காதவன்தான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உள்ளே கிடந்த சடையனை எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே குந்தினான்.

"தூங்கினா இந்தக் காய்ச்சல் இறங்கிடும்மா. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"தூங்க விட்டாத்தானே" என்றாள் நஞ்சி.

"நீ சொன்னா மரம் கேக்கும்னு சொல்றாங்க. கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லேன். அவை சும்மா இருக்கிற வரைக்கும் எங்க ஆளுங்க கோடாலியத் தொட மாட்டாங்க. நான் சொல்றேன்."

நஞ்சி அவனை வெகுநேரம் பார்த்தாள். அவன் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. உண்மையில், சொல்லும்போது அவன் பொய் சொல்லவும் இல்லை.

சரிவில் ஒரு பெரிய வேங்கை மரம் நின்றது. மற்ற மரங்கள் அதன் பேச்சைக் கேட்கும். நஞ்சி அதன் அடியில் போய் நின்றபோது, என்ன சொல்ல வந்தோம் என்பதே அவளுக்கு ஒரு கணம் மறந்துபோனது. அவ்வளவு அசதி.

"கொஞ்சம் அழாம இருங்க" என்றாள் கடைசியில். "அந்த மனுஷன் ஒரு தூக்கம் தூங்கட்டும்."

"வலிக்குது நஞ்சி" என்றது வேங்கை.

"தெரியும்."

"சத்தம் போடுறதாலதான் இன்னும் நிக்கிறோம். எங்களுக்கு வேற என்ன இருக்கு?"

"கோடாலியத் தொட மாட்டோம்னு உடையான் சொல்லியிருக்கான். நானும் இங்கதானே இருக்கேன்."

வேங்கை கேட்டது: "எது வரைக்கும்?"

"சடையன் தூங்கி எழுகிற வரைக்கும்."

"சரி" என்றது வேங்கை. "சடையன் தூங்கி எழுகிற வரைக்கும் எங்கள்ல யாரும் வாய் திறக்க மாட்டோம். நீ போய்ப் படு. உன்னால நிக்கவே முடியலை."

ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு அந்தச் சொல் போனது. அழுகை அடங்கியது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் பல நாளுக்குப் பிறகு கேட்டது. நஞ்சி வீட்டுக்குள் வந்தபோது சடையன் கண்ணை மூடியிருந்தான். மூச்சு சீராக வந்தது. அவன் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டதுகூட நினைவில்லை.

கீழே உடையானின் ஆட்கள் அந்த அமைதியைக் கேட்டார்கள். ராசாவின் சேவகர்கள் இரண்டு முறை வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தார்கள். "இப்ப விட்டா எப்ப?" என்றான் ஒருவன். உடையான் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தான். பிறகு கோடாலியை எடுத்தவர்களில் அவனும் ஒருவனானான். மனிதன் கொடுத்த சொல் வெயில் ஏறுவதற்குள் போய்விட்டது.

மரங்கள் தங்கள் சொல்லைக் காத்தன. சாய்கிறபோதும் வாய் திறக்கவில்லை.

நஞ்சி கண்விழித்தபோது வீட்டுக்குள் சாயங்கால வெயில் அடித்தது. அந்த வீட்டுக்குள் அவள் ஒருநாளும் வெயிலைப் பார்த்ததில்லை. முதலில் அது அவளுக்கு விளங்கவில்லை. சடையனின் நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை. சூடே இல்லை. தூக்கத்திலேயே அவன் போயிருந்தான்.

அவள் கத்தவில்லை. அவன் கையை எடுத்து மார்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வாசலுக்கு நேரே இருந்த சரிவு வெறும் வானமாக இருந்தது. கீழே அடிமரங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. ஆட்கள் வெட்டின மரங்களை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஓரத்தில் அந்த வேங்கை மட்டும் இடுப்பில் ஆழமான வெட்டோடு நின்றது. பொழுது போதாமல் அதைப் பாதியில் விட்டிருந்தார்கள்.

"பேசு" என்றாள் நஞ்சி. "போதும், பேசு. எல்லாரையும் கத்தச் சொல்லு."

வேங்கை பேசவில்லை. அப்போதுதான் தான் வாங்கிய சொல் என்ன என்பது அவளுக்கு உறைத்தது. சடையன் இனி எழப்போவதில்லை. மரங்கள் சொன்ன சொல்லை மாற்றுவதில்லை. அவள் அந்த மரத்தின் மேல் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். மரத்துக்குள் ஏதோ நடுங்கியது. அடக்கிவைத்த அலறல் போக வழியில்லாமல் வெட்டுவாய் வழியாக ஒழுகத் தொடங்கியது. சிவப்பாக, கெட்டியாக, மெதுவாக ஒழுகி அவள் உள்ளங்கையை நனைத்தது.

அழுகை நின்றதை அறிந்து அன்றிரவே எதிர்மலையிலிருந்து ஊர்க்காரர்கள் வந்து சடையனைப் புதைத்தார்கள். தங்களோடு வந்துவிடும்படி நஞ்சியைக் கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை என்றாள். அழக்கூட அவளிடம் தெம்பில்லை.

அடுத்த நாள் காலையில், வெட்டுகிறவர்கள் ஏறிவருகிற வழியில் இருந்த பெரிய பாறைக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு சிரட்டையில் வேங்கையின் சிவப்பை ஏந்தியிருந்தாள். அவளுக்குப் படம் போடத் தெரியாது. விரலைத் தோய்த்து ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேலே கிளைகள். இது ஓடைக்கரையில் சாய்ந்து நின்றது. இது இடி விழுந்து இரண்டாகப் பிளந்தும் பிழைத்தது. இதன் நடுவில் பொந்து இருந்தது. ஒவ்வொன்றிடமும் போய்க் கேட்டவள் என்பதால் ஒன்றும் மறக்கவில்லை. கை வலித்தால் உட்கார்ந்தாள். வலி குறைந்ததும் எழுந்து தொடர்ந்தாள்.

உடையானும் ஆட்களும் வந்தபோது பாறையில் பாதி சிவந்திருந்தது. ஒவ்வொரு மரத்தையும் உடையானுக்கு அடையாளம் தெரிந்தது. அவனும் அவற்றைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்தானே.

"சடையன் எழுந்தாரா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இல்லை" என்றாள் நஞ்சி. திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது சிறகுகள் காற்றைக் கிழிக்கிற சத்தத்தோடு ஓர் இருவாச்சிப் பறவை வந்து இறங்கியது. பெட்டை பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கும். ஆண் பறவை வெளியிலிருந்து பழம் கொண்டுவந்து ஊட்டும். இது அந்த ஆண் பறவை. அலகில் ஓர் அத்திப்பழம் இருந்தது. அதைப் பாறையில் வைத்துவிட்டுக் கேட்டது:

"நஞ்சி, என் மரத்தைக் காணலை. நேத்துலேருந்து தேடுறேன். அவ உள்ள பட்டினி கிடப்பா."

நஞ்சி பாறையில் பொந்து போட்டு வரைந்த மரத்தை விரலால் காட்டினாள். இருவாச்சி தத்தித் தத்திப் போய் அந்தச் சிவப்புப் பொந்தைத் தட்டிப் பார்த்தது. பாறை. மறுபடியும் தட்டியது. பிறகு அத்திப்பழத்தை எடுத்துவந்து, அந்தப் படத்தின் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

உடையான் கோடாலியைக் கீழே வைத்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள். இறங்கிப் போகும்போது, "மேல இருக்கிற மரத்த வெட்டினா ரத்தம் வருதுன்னு ராசாகிட்ட சொல்றேன்" என்றான். நஞ்சி மறுபடியும் சிரட்டையில் விரலைத் தோய்த்தாள்.

ராசா நம்பவில்லை. வேறு ஆட்களை வேறு வழிகளில் அனுப்பினான். நஞ்சி அந்த வழிகளிலிருந்த பாறைகளிலும் போய் வரைந்தாள். எதிர்மலைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து அவளோடு சேர்ந்து வரைந்தார்கள். பார்த்தவர்களில் சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் திரும்பவில்லை. அதனால் சோலை சில இடங்களில் மிஞ்சியது, சில இடங்களில் இல்லை. நஞ்சி சாகிறவரைக்கும் ஒருநாளும் நன்றாகத் தூங்கவில்லை. விரல் நகங்களிலிருந்து அந்தச் சிவப்பும் போகவில்லை.

அன்றிலிருந்துதான் மரங்கள் ஊமையாக நிற்கின்றன. வேங்கையை வெட்டினால் சிவப்பாக ஒழுகுகிறது. அந்த மலைக்குடிகள் அந்தச் சிவப்பைத் தொட்டுத்தான் பாறையிலும் சுவரிலும் மரம் வரைகிறார்கள். வேங்கையில் கத்தி வைப்பதற்கு முன்னால், ஒருவேளை சடையன் எழுந்திருப்பானோ என்று, இன்றைக்கும் மரத்தில் காதை வைத்துச் சற்று நேரம் கேட்டுப் பார்க்கிறார்கள்.