எதிர்க்கரைக்குப் போன நரி

நரி சடையன் பரிசல் ஓட்டிய கதையைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். பொறுங்கள், பொறுங்கள், இப்போதே பல்லைக் காட்டக் கூடாது! முதலில் பூனை பூவாத்தா அழ வேண்டும்.

ஐப்பசி மழையில் காட்டு ஏரி நிரம்பிவிட்டது. வாடைக் காற்றும் வீச ஆரம்பித்தது. குளிர் முற்றினால் மீன்களெல்லாம் ஆழத்துக்குப் போய்விடும். அதற்குள் பிடித்துக் கருவாடு போட்டால்தான் பூவாத்தாவின் குட்டிகளுக்குக் குளிர்காலச் சாப்பாடு. அதனால், வெள்ளத்தில் ஒதுங்கிய பழைய பரிசல் ஒன்றை ஓட்டிப்போய்த் தினமும் கெண்டையும் கெளுத்தியும் பிடித்து வருவாள்.

கரையில் சடையன் காத்திருப்பான்.

"கரை என்னுது! பாதி மீனை வை!"

பாதி என்பது பேச்சுக்குத்தான். பெரிசெல்லாம் அவன் கூடைக்குப் போய்விடும்.

ஒருநாள், "நாளையிலேர்ந்து பரிசலும் என்னுது! எதிர்க்கரையில விரால் துள்ளுதாம். நானே போறேன்!" என்றான்.

"அண்ணே, புள்ளைங்க பட்டினி கிடக்குமே!"

"கிடக்கட்டும். பழகிக்கும்!"

பூவாத்தா விசும்பி அழுதாள். மரத்தின் மேலிருந்து கரிச்சான் குருவி ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் பெயர் வாலு. அது பேசாத குரல் அந்தக் காட்டில் இல்லை. போன வாரம்தான் மாமியார்க் குரங்கு மாதிரி கூப்பிட்டு, மருமகளை மரம் மரமாகத் தாவ வைத்திருந்தது.

"அழாதக்கா. பரிசலைக் குடுத்துரு. எப்படி ஓட்டுறதுன்னு மட்டும் சொல்லிக் குடுத்துராத!"

மறுநாள் காலையில் ஒரே மூடுபனி. சடையனுக்குத் தன் மூக்கு நுனியே தெரியவில்லை. வழியில் தின்ன மீன் கூடையை ஏற்றிக்கொண்டு, ராசா மாதிரி பரிசலில் உட்கார்ந்தான்.

பரிசலை ஓட்ட, துடுப்பை முன்னால் போட்டுத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இவனோ ஒரே பக்கமாகத் துழாவினான். பரிசல் நின்ற இடத்திலேயே ராட்டினம் சுற்றியது.

"அடேயப்பா, என்ன வேகம்!" என்றான், தலை கிறுகிறுக்க.

வாலு நடு ஏரி வாத்துக் கூட்டம் மாதிரி கத்தியது.

"ஆகா, நடு ஏரி வந்தாச்சு!" என்றான் சடையன்.

கொஞ்ச நேரம் கழித்து, வாலு எதிர்க்கரை மயில் மாதிரி அகவியது.

"கரை வந்தாச்சு!"

பரிசல் தட்டென்று கரையில் முட்டியது. உடனே பனிக்குள்ளிருந்து புலிக்குரல் ஒன்று உறுமியது.

"யார்றா அது?"

சடையன் பரிசலுக்குள் பதுங்கினான். "நான்... அந்தக் கரைச் சடையனுங்க, சாமி!"

"இந்தக் கரை என்னுது! பாதி மீனை வை!"

"இந்தாங்க சாமி!"

"இதெல்லாம் பொடிசு! பெரிசை வை!"

கூடை அப்படியே கீழே இறங்கியது. குட்டிகளோடு கரையில் ஒளிந்திருந்த பூவாத்தா சத்தமில்லாமல் அதை இழுத்துக்கொண்டாள். குட்டி ஒன்று களுக்கென்று சிரிக்கப் பார்த்தது. வாலால் அதன் வாயைப் பொத்தினாள்.

"அந்தப் பரிசல் யாருது?"

"பூ... பூவாத்தாவுதுங்க!"

"சத்தமா!"

"பூவாத்தாவுது! இனிமே அவகிட்டப் பங்கு கேட்டா என் மீசை உதிர்ந்து போகட்டும்!"

காடு முழுக்கக் கேட்டது. தண்ணீர் குடிக்க வந்த அவன் பெண்டாட்டிக்கும் கேட்டது. அவள் பனியை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னங்க, விடிஞ்சதுலேர்ந்து நம்ம வீட்டு வாசல்லயே சுத்திக்கிட்டிருக்கீங்க? யாருகிட்ட சத்தியம் பண்றீங்க?"

சடையன் மெல்லத் தலையைத் தூக்கினான். தலைக்கு மேலே ஒரு கிளை. கிளையில் உள்ளங்கை அளவு கறுப்புப் பறவை.

"உர்ர்ர்!" என்றது அது.

சடையன் அவசரமாகத் தன் மீசையைப் பொத்திக்கொண்டான்.

அடுத்தவர் உழைப்பை அதட்டிப் பறிக்கிறவன், அதே அதட்டலுக்குத் தானும் ஒருநாள் அடங்கி நிற்பான்.