ரேட்டிங்கைத் தள்ளிவிட வந்தவர்கள்

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் மாசானமுத்து. பஞ்சர் கடைக்காரன். கிழிந்த டியூபை ஒட்டத் தெரிந்துவிட்டால் உலகத்தில் எதையும் சரிசெய்துவிடலாம் என்று அவனுக்கு நினைப்பு. செல்போன் உறையில்கூட பஞ்சர் ஒட்டுத்தான் போட்டிருப்பான்.

அவன் கடைக்கு எதிரே எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு. சவாரி இல்லாதபோது நான் போனில் செஸ் ஆடுவேன். எதிராளி எந்த ஊரோ, யாரோ. ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், தோற்றால் இறங்கும். என்னுடையது எண்ணூறுக்கு ஒன்று குறைவு என்கிற இடம் வரை வரும், சறுக்கும், மறுபடி வரும். எண்ணூறை நான் கண்ணால் கண்டதில்லை. இன்னும் ஒரே ஒரு ஜெயிப்பு போதும் என்றிருந்த அன்றைக்குத்தான் அவன் வந்தான்.

"நின்ன வண்டியைத் தள்ளித்தான் எடுக்கணும் அண்ணாச்சி. வீடியோவுல ஒருத்தர் வழி சொல்லுதார். நாங்க தள்ளி விடுதோம்."

நாங்கள் என்றால் அவனும், ஸ்டாண்டில் எனக்கு அடுத்து நிற்கிற கொம்பையாவும்.

முதல் பாடம், அவசரப்படாதே, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு யோசி. யோசித்தேன். குதிரையைத் தாண்டவைத்தால் எதிராளியின் ராணி காலி.

"கையை எடுக்கட்டுமா?"

"எடுக்கச் சொல்லலையே அவர்," என்றான் மாசானமுத்து.

"அப்ப நீ நகத்துலே."

அவன் கையும் தொடைக்கு அடியில். கொம்பையா கையும் அப்படியே.

"மூக்கால நகத்தலாமா?" என்றான் கொம்பையா.

"மூக்கைப் பத்தி வீடியோவுல என்ன சொல்லிருக்குன்னு பாக்கணும்."

"வீடியோ போடக் கை வேணுமே."

இதைப் பேசி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்து நான் தோற்றுப்போனேன்.

அடுத்த பாடம், ரசித்து ஆடு. எனக்குத்தான் எரிச்சலாக இருந்ததே, அதனால் ரசிக்கிற வேலையைக் கொம்பையாவிடம் விட்டார்கள். என் ராணி வெட்டுப்பட்டதும் அவன் கைதட்டினான்.

"போனது என் ராணிவே!"

"யாரு ராணியா இருந்தா என்ன அண்ணாச்சி? வெட்டு நல்ல வெட்டு."

அதுவும் தோல்வி. நான் போட்ட சத்தத்தில் ஸ்டாண்டே கூடிவிட்டது. மாசானமுத்து இறங்கி வந்தான். அவனும் ஒளித்து ஒளித்து அதே செஸ்தான் ஆடிக்கொண்டிருந்தானாம். அவனுக்கும் எண்ணூறு எட்டவில்லை. தன் போனில் ஆடி என்னிடம் தோற்று, ஒரு ஜெயிப்பைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டான்.

கடை மேசையின் இரண்டு முனையிலும் போன்கள் சார்ஜில் கிடந்தன. உட்கார்ந்தோம். கொம்பையாவுக்கு மூன்றாவது பாடம் ஞாபகம் வந்தது.

"எதிராளி இடத்துல இருந்து பலகையைப் பாக்கணும்லா?"

சரிதானே என்று எழுந்து இடம் மாற்றிக்கொண்டோம். போன்கள் சார்ஜர் வயரோடு அங்கேயே கிடந்தன. பிரமாதமாக ஆடினேன். அவனும் சொன்ன சொல் தவறாமல் தோற்றான். ரேட்டிங் எண்ணூறைத் தாண்டியது. துள்ளி எழுந்து போனைக் கையில் எடுத்தேன். உறையில் பஞ்சர் ஒட்டு.

"ஏறினது உன் ரேட்டிங்லே!"

"ஜெயிச்சது உங்க கைதான அண்ணாச்சி?"

கொம்பையா நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னான். "ஜெயிச்சதும் அண்ணாச்சி. ரேட்டிங் இறங்கினதும் அண்ணாச்சிக்கு. அப்ப அண்ணாச்சிக்கு அண்ணாச்சிதான் பாக்கி."

இரண்டு போனையும் என் முன்னால் வைத்தார்கள். நானே என்னோடு ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். ஆடினேன். மாசானமுத்து போன் பக்கம் கொஞ்சம் நன்றாகவே ஆடிவிட்டேன். என் போன் தோற்றது. கொம்பையா கைதட்டினான்.

அந்த ஜெயிப்பு இன்றுவரை எனக்கு வந்து சேரவில்லை.