உப்பு விழுந்தாச்சு

வாயைத் திறந்தாலும் வம்பு, மூடினாலும் வம்பு என்று ஒரு நாளாவது உங்களுக்கு ஆகியிருக்கிறதா? செங்கமலத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டும் ஆனது.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே குரு, உலகம்மை. எல்லோரும் அம்மை என்பார்கள். வயதைப் பார்த்தால் செங்கமலத்துக்குத் தங்கை மாதிரிதான். ஆனாலும் பேரன் பேத்தி எடுத்த செங்கமலம் அவருக்குச் சிஷ்யையாக வந்து சேர்ந்து, மடத்துச் சமையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடமாட உதவிக்கு இசக்கி இருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் தவழ்கிற பிள்ளையோடு வந்தவள். அந்தப் பிள்ளைக்கு அம்மா மடி ஒன்று, செங்கமலம் மடி இன்னொன்று. எது கிட்டே இருக்கிறதோ அதில் ஏறிக்கொள்ளும்.

அந்த அடுக்களையில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்குப் படைக்கிற சோற்றை, படைக்கும் முன்னே யாரும் ருசி பார்க்கக் கூடாது. அதனால் உப்புப் போடுகிறவர் "உப்பு விழுந்தாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கூட இருப்பவர் "கேட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரும்வரை, போட்டவர் அடுப்பை விட்டு நகரக் கூடாது.

ஒரு நாள் இசக்கி கிணற்றடிக்குப் போயிருந்தாள். பிள்ளை தவழ்ந்து வந்து, இறக்கி வைத்திருந்த தோசைக்கல்லைத் தொட்டுவிட்டது. தவழ்கிற பிள்ளைக்கு அதெல்லாம் கண்ணிமைக்கிற நேரத்து வேலை. அலறல் கேட்டு இசக்கி குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஏட்டி, பெத்தா மட்டும் போதுமா? பாத்துக்கத் தெரிய வேண்டாமா?" என்றாள் செங்கமலம். சொல்லிவிட்டு, விரலுக்குத் தடவக் கற்றாழை ஒடிக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது இசக்கி அழவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. பிள்ளையை இடுப்பில் சேலையால் கட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதன்பின் அடுக்களையில் பிள்ளையை இறக்கிவிடவே இல்லை.

"வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் கெளம்புதேன் அத்தை."

"எங்கட்டி போவ?"

"எங்கயாவது."

செங்கமலம் அம்மையைத் தேடிப் போனாள். அவர் மாட்டுக்கு அகத்திக்கீரை போட்டுக்கொண்டிருந்தார். செங்கமலம் நடந்ததைச் சொன்னாள்.

"நான் சொன்னது பொய்யா அம்மை?"

"பொய்னு யார் சொன்னா?"

"அப்போ சொன்னது சரிதானே?"

"சரின்னும் யாரும் சொல்லலியே."

"பிள்ளை மேல பாசம் இருக்கப் போய்த்தானே சொன்னேன்?"

"அதுவும் தெரியும்."

"இப்ப நான் என்னதான் செய்ய?"

"வாயைப் பாத்துக்கோ" என்றார் அம்மை. மாடு அடுத்த கட்டுக் கீரைக்குத் தலையை நீட்டியது.

இரவெல்லாம் யோசித்தாள் செங்கமலம். காலையில் எழுந்ததும் மௌன விரதம் பிடித்தாள். யார் கேட்டாலும் தலையாட்டல்தான். வாய் இருந்தால்தானே வம்பு?

வெள்ளிக்கிழமை பெரிய உருளியில் பொங்கல் வைத்தார்கள். அரிசி வெந்ததும் செங்கமலம் உப்பைப் போட்டாள். "உப்பு விழுந்தாச்சு" தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த இசக்கி எழுந்து வந்தாள். ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். குரல் எதுவும் வரவில்லை. விரதமானாலும் உப்பைப் போட்டால் அதை மட்டுமாவது சொல்லாமலா இருப்பாள்? சரி, இன்னும் போடவில்லை என்று உப்புச் சட்டியில் கையை விட்டாள்.

செங்கமலம் பார்த்தாள். கையைத் தட்டிவிடலாமா? சைகை காட்டுவதும் பேச்சில் சேருமா, சேராதா? அவள் அந்த யோசனையில் இருக்கும்போதே உப்பு விழுந்துவிட்டது.

"உப்பு விழுந்தாச்சு" என்றாள் இசக்கி. பதிலுக்குக் காத்து நின்றாள். செங்கமலம் தலையை மட்டும் ஆட்டினாள்.

படையல் முடிந்து, பூசைக்கு வந்த சனம் பந்தியில் உட்கார்ந்தது. முதல் வாய் வைத்த பெரியவர் செம்பைத் தேடினார்.

"என்னம்மா இது, திருச்செந்தூர்க் கடலையே மொண்டுட்டு வந்துட்டியளா?"

"பொங்கலுக்குப் பதிலா ஊறுகாய் போட்டுட்டாவ போல" என்றாள் ஒருத்தி.

"அந்தப் பிள்ளைக்காரிதான் போட்டிருப்பா. புத்தி ஒரு இடத்துல நின்னாத்தானே!"

பரிமாறிக்கொண்டிருந்த இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் போட்டேன். மன்னிச்சுக்கிடுங்க."

செங்கமலம் வாளியைப் பிடித்தபடி நின்றாள். விரதம் இருக்கிறதே!

அம்மை மட்டும் தன் இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். மோர்கூடக் கேட்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

பந்தி கலைந்தது. இசக்கி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மினிபஸ் வரும் வாசலுக்குப் போனாள். செங்கமலம் கொல்லையில் உட்கார்ந்து உருளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அம்மை வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்ததும், பிடித்து வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது.

"பேசினேன், அவ மூட்டையைக் கட்டிட்டா. பேசாம இருந்தேன், ஊரே அவளை ஏசுது. எதுதான் அம்மை சரி? நீங்கதானே வாயைப் பாத்துக்கச் சொன்னீங்க?"

"பாத்துக்கச் சொன்னேன். பூட்டச் சொன்னேனா?"

"எனக்கு ஒண்ணும் புரியலை."

"உப்புப் போட்டா என்ன செய்வ?"

"உப்பு விழுந்தாச்சுன்னு சொல்லுவேன்."

"சொல்லிட்டு?"

"கேட்டாச்சுன்னு அவ சொல்லுத வரைக்கும் நிப்பேன்."

"அவ சொல்லலைன்னா?"

"அப்பவும் நிப்பேன். நகரக் கூடாதே."

"பிள்ளைக்குச் சுட்ட அன்னைக்கு?"

செங்கமலத்தின் கை உருளியிலேயே நின்றுவிட்டது. "கத்தாழை ஒடிக்கப் போயிட்டேன்."

அம்மை ஒரு பிடி சாம்பலை எடுத்து உருளிக்குள் போட்டார்.

"இப்ப நான் பேசணுமா, பேசாம இருக்கணுமா அம்மை? ஒண்ணைச் சொல்லுங்க."

அம்மை உருளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இதை நான் தேய்க்கேன். நீ போ."

எங்கே போக, எதைச் சொல்ல என்று தெரியவில்லை. ஆனாலும் கால் வாசலுக்குத்தான் போனது.

மினிபஸ் வந்து நின்றிருந்தது. மூட்டை உள்ளே ஏறிவிட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இசக்கி படியில் ஒரு காலை வைத்திருந்தாள். பொங்கல் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் அந்த பஸ்ஸில்தான் இருந்தார்கள்.

"மொதல்ல உப்புப் போட்டது நான்" என்றாள் செங்கமலம் எல்லோருக்கும் கேட்கும்படி. "போட்டுட்டுச் சொல்லலை. இவ கை சட்டிக்குள்ள போனதையும் பாத்தேன். அப்பவும் சொல்லலை."

பஸ்ஸுக்குள் இருந்த தலைகள் ஜன்னல் பக்கம் திரும்பின. செங்கமலம் இசக்கியைப் பார்த்தாள்.

"அன்னைக்கு உன்னைச் சொன்னேன்லா இசக்கி. சொல்லிட்டு நான் நிக்கலை. இப்ப நிக்கேன்."

நின்றாள். இசக்கியின் கால் படியிலேயே இருந்தது.

"ஏறுதியாம்மா, இல்லியா? நேரமாவுது" என்றார் கண்டக்டர்.

செங்கமலம் நகரவில்லை. கையில் அப்பியிருந்த சாம்பல் காய்ந்து உதிர்ந்தது. ஓட்டுநர் ஒரு முறை ஹாரன் அடித்தார். இசக்கி என்ன நினைக்கிறாள் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிள்ளைதான் புண் ஆறாத விரலோடு இந்தப் பக்கம் கையை நீட்டியது.

இசக்கி படியிலிருந்து காலை எடுத்தாள்.

"பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க அத்தை. மூட்டையை எறக்கணும்."