ஒரு சொட்டு வராது

காலனியில் அங்காயிக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டில் ஜன்னலை உள்பக்கம் சரிவாக வைத்துவிட்டார்கள். மழை பெய்தால் தண்ணீரெல்லாம் வீட்டுக்குள்தான். கார்த்திகை முழுக்க நனைந்த பாயில் படுத்து அவள் மகளுக்கு நெஞ்சுச் சளி கட்டிக்கொண்டது. ஜன்னலைப் பெயர்த்து ஒழுங்காக வைக்கச் சொல்லி மனு மேல் மனுவாகக் கொடுத்தாள்.

பங்குனி வெயிலில்தான் ஓவர்சியர் குலசேகரன் வந்தார். சுவரைத் தடவினார்.

"காய்ஞ்சு கிடக்கு. பொய் மனுவா குடுக்கிற? மழையை வரச் சொல்லு, பார்க்கிறேன்."

அங்காயிக்குக் கோபம் பொங்கியது. ஆனாலும் குரலை அடக்கிக்கொண்டாள்.

"சரிங்க ஐயா, ஒரு சொட்டு வராதுன்னே எழுதிக் குடுத்துருங்க. ஜன்னலோரம் உக்காருங்க, வெளிச்சமா இருக்கும்."

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே போனவள், ஜன்னல் கதவை அழுத்திச் சாத்திவிட்டு அதன்மேல் இரண்டு குடம் தண்ணீரைச் சாய்த்தாள்.

ஓவர்சியர் முதுகெல்லாம் நனைந்து துள்ளி எழுந்தார்.

"யாருடி என்மேல தண்ணி ஊத்தினது? போலீசுக்குப் போவேன்!"

"போவோம், வாங்க. ஒரு சொட்டு வராதுன்னு நீங்க எழுதின கடுதாசியையும் காட்டுவோம். என் புள்ள மாசம் முழுக்க நனைஞ்சா பொய், நீங்க ஒரு நிமிசம் நனைஞ்சா போலீசா?"

வாசலில் கூடிய சனம் வழி விடாமல் நின்றது. ஓவர்சியர் வேறு காகிதம் எடுத்து, ஈரக் கையோடு, ஜன்னலை மாற்றும்படி எழுதினார்.

மறுநாள் கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். அவர் சரிவை வெளிப்பக்கம் திருப்பிப் பூசி முடிக்கும்வரை, அங்காயி நிறைகுடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.