மூச்சு வாங்காத ஆடு

கொண்டையன் பேரனும் சடையாண்டி மகனுமாகிய வீரபாகு என்னும் நான், அகவை எண்பத்திரண்டு நிறைந்தவன், அச்சுப் புத்தகத்தையன்றி வேறு ஆசானை அறியாதவன், இக்கதையை என் பெயரின்மேல் வைத்து எழுதுகிறேன். தலைமுறையை முதலில் கூறியதற்குக் காரணம் உண்டு. அது கதைக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிவந்த காலத்தில், இன்று ஸ்காட்லாந்து என்று வழங்கும் வடதேசத்தில் ஆர்வா என்றொரு பள்ளத்தாக்கு இருந்தது. இருபுறமும் மொட்டை மலைகள். நடுவே நீண்டு குறுகிய ஏரி. சரிவெங்கும் ஊதாப்பூப் பூக்கும் குட்டைப் புதர்கள். அங்கே கலைமான், நெடுமயிர்க் காளை, நீர்நாய், ஆடு ஆகியவையும், ஓட்ஸ் கூழ் குடித்து வாழும் சில குடும்பங்களும் பிழைத்துவந்தன.

வடகடலிலிருந்து வாடைக்காற்று ஒருநாள் அங்கு வந்தான். இடம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

"இனி இது என் வீடு. நீங்கள் எல்லோரும் கடற்கரைப் பாறைகளுக்கு இறங்கிப்போங்கள்" என்றான்.

கடற்கரையில் புல் இல்லை. உப்பும் பாசியுமே உண்டு. அங்கே போனால் அடுத்த ஆண்டைக் காணப்போவதில்லை என்பது குட்டிகளுக்கும் தெரிந்திருந்தது. ஆகவே அனைவரும் வழக்குரைக்க வந்தனர்.

வாடை தன்னை நீதிமான் என்று எண்ணிக்கொண்டிருப்பவன். "வழக்கா? நல்லது. ஆண்டின் கடைசி நாள்வரை தவணை தருகிறேன். ஆளுக்கு ஒரு முறை. விதி ஒன்றுதான். பேசுகிறவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறாரோ, அந்த இடத்தில் பேச்சு எதிராளிக்குப் போய்விடும்" என்றான்.

விதி நியாயமாகத் தோன்றவே, அனைவரும் தலையசைத்தனர். வாடை என்பவன் முழுவதும் மூச்சாலேயே ஆனவன், அவன் மூச்சு வாங்க வேண்டியதே இல்லை என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை வேறொன்று இருந்தது. அந்த நாட்டார் சபையில் வாய் திறந்தால், முதலில் தம் பெயர், பிறகு மூன்று தலைமுறை முன்னோரின் பெயர், அவரவர் பெருமை, இவ்வளவும் சொல்லியே விஷயத்துக்கு வருவார்கள். அப்படிச் சொல்லாதவர் களவாடிய பொருளுக்கு உரிமை கோருகிறவராகக் கருதப்படுவார்.

முதலில் கலைமான் எழுந்தது. "நான் ரூரி. பன்னிரண்டு கிளைக் கொம்பன் டொனாலின் மகன். பனிப்பாறையைத் தாண்டிக் குதித்த லாஹ்லனின் பேரன். ஓநாய் மூன்றை ஒரே நாளில்..." என்னும்போது மூச்சு முடிந்தது. வாடை பேசத் தொடங்கினான். ஐப்பசி முடியும்வரை அவனே பேசினான்.

அடுத்து நெடுமயிர்க் காளை வந்தது. அது மெதுவாகப் பேசும் இனம். "நான்..." என்று சொல்லி, யோசித்து, மூச்சு வாங்கிவிட்டது.

"அண்ணே, உம் பெயரைக் கேட்கவே எனக்கு இன்னொரு குளிர்காலம் வேண்டும் போலிருக்கிறதே!" என்று வாடை எக்காளமிட்டான்.

மலையுச்சியில் குடியிருந்த கழுகு இதைப் பார்த்துப் பொறுக்காமல், "முன்னோரை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்" என்று அறிவுரை கூறிற்று. நீர்நாய் அதைக் கேட்டது. குட்டை மூச்சானாலும் ஒரே மூச்சில், "இந்தப் பள்ளத்தாக்கு எங்களுடையது!" என்று கூவி முடித்தது.

சபை ஆரவாரித்தது. வாடை அமைதியாக ஒன்று கேட்டான்: "எங்களுடையது என்றால், நீ யார்?"

பதில் சொல்ல நீர்நாய் வாய் திறந்தது. திறந்த வாய் மூச்சை இழுத்தது. வழக்குத் தோற்றது.

தலைமுறையைச் சொன்னால் விஷயம் எட்டவில்லை. விஷயத்தைச் சொன்னால் தலைமுறை நிற்கவில்லை. பலரும் கடற்கரைக்கு மூட்டை கட்டலாயினர்.

அப்போது மோராக் என்னும் கிழட்டு வெள்ளாடு முன்னே வந்தது. ஒரு கொம்பு முறிந்தது, தாடி நீண்டது, எவருக்கும் வழிவிட்டு அறியாதது.

"வாடையே, என் முறை மிச்சமிருக்கிறது."

"பேசு, கிழவி."

"இன்றைக்கு இல்லை. கடைசி நாளன்று வருகிறேன். காலில் வந்தாலும் வருவேன், தோளில் வந்தாலும் வருவேன். எப்படி வந்தாலும் என் முறை எனக்கு உண்டென்று வாக்குக் கொடு."

நடக்கமாட்டாமல் தூக்கிவரச் சொல்லப்போகிறாள் என்று எண்ணி வாடை சிரித்தான். "காலிலோ தோளிலோ, எப்படியாவது வந்து தொலை. வாக்குக் கொடுத்தேன்" என்றான். கழுகு அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மோராக் நேரே டூகல் என்னும் மேய்ப்பனின் குடிசைக்குப் போயிற்று. டூகல் கூழ் கிண்டிக்கொண்டிருந்தான்.

"டூகல், நான் இந்தக் குளிரைத் தாண்டமாட்டேன். செத்தபின் என் தோலை முழுசாக உரித்து, காற்றுப் போகாமல் தை. கழுத்து இருந்த இடத்தில் விரல் வைக்கத் துளையிட்ட குழல் ஒன்று. கால்கள் நாலில் ஒன்றில் நீ ஊதுவதற்குக் குழல். மற்ற மூன்றிலும் நெடுங்குழல்கள். நாணலைச் சீவி, சீவாளி வைத்துக் கட்டு. நெடியது என் பூட்டி பேஹக். மற்ற இரண்டும் என் பாட்டி எய்ரிக்கும் என் தாய் ஷோனாவும். அவர்கள் பின்னால் நின்று விடாமல் ஒலிக்கட்டும். முன்னால் விஷயம் பேசட்டும்."

டூகலின் கையிலிருந்த அகப்பை நின்றுவிட்டது. "உன் பாலைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் என் வீட்டில் இருக்கிறார்கள். உன் தோலில் நான் எப்படிக் கத்தி வைப்பேன், அம்மா?"

"உயிர் இருக்கும்போது வைக்காதே. அதற்குள் என்ன அவசரம்? கூழ் அடிபிடிக்கிறது, பார்."

அவன் சிரித்தான், கண் துடைத்தான்.

"இன்னொன்று" என்றது ஆடு. "மெல்லப் பேசத் தெரியாத தொண்டையாக வை. தாழ்த்திப் பேச வழி இருந்தால், அவன் உன்னைத் தாழ்த்தச் சொல்லுவான். நீ நல்லவன், கேட்டுவிடுவாய்."

மார்கழி பிறக்குமுன் மோராக் இறந்தது. டூகல் அழுதுகொண்டே உரித்தான். அழுகை நின்றபின் தைத்தான்.

கடைசி நாள் விடிந்தது. ஏரிக்கரையில் அனைவரும் மூட்டைகளோடு நின்றனர். வாடை மலைமேல் அமர்ந்து, "கிழவி எங்கே?" என்றான்.

"தோளில் வந்திருக்கிறாள்" என்றான் டூகல்.

"செத்தவளுக்கு ஏது முறை?"

"காலிலோ தோளிலோ என்று சொன்னவன் நீதான். நான் சாட்சி" என்று கழுகு மேலிருந்து கத்திற்று. வாடைக்கு மறுக்க வழியில்லை.

டூகல் பையைக் கக்கத்தில் இடுக்கி ஊதினான். முதலில் ஒரு முனகல் வெளிப்பட்டது.

"இதுதானா உங்கள் வழக்கு? கன்று ஈனும் மாடுகூட இதைவிட இனிமையாகக் கத்துமே!" என்றான் வாடை. சபையிலேயே சிலர் சிரித்துவிட்டனர்.

பிறகு நெடிய குழலில் பேஹக் எழுந்தாள். அடிவயிற்றில் இடிக்கும் ஆழ்ந்த ஒலி. அவள்மேல் எய்ரிக்கும் ஷோனாவும் ஏறி நின்றனர். மூவரும் ஒத்து நின்றபின், முன்குழல் பேசத் தொடங்கிற்று: இங்கே பிறந்தோம், இங்கே மேய்ந்தோம், இங்கே புதைந்தோம், போகமாட்டோம்.

டூகலுக்கு மூச்சு முட்டியது. வாயைக் குழலிலிருந்து எடுத்து மூச்சை இழுத்தான். அந்த இடைவெளிக்காகவே காத்திருந்த வாடை பாய்ந்தான். இடைவெளி அங்கே இல்லை. டூகலின் முழங்கை பையை அழுத்திற்று. மோராக் தன் வயிற்றில் சேர்த்துவைத்திருந்த மூச்சால் பேசிக்கொண்டே இருந்தது.

வாடை தன் பழைய கேள்வியை வீசினான்: "எங்களுடையது என்றால், நீ யார்?"

மூன்று குழல்களும் அதற்குத்தான் ஏற்கெனவே விடை சொல்லிக்கொண்டிருந்தன. நிறுத்தி விடை சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை.

வாடை சீறினான்; ஏரியைக் கரைமேல் எறிந்தான்; டூகலின் போர்வையைப் பறித்தான். ஒலி குறையவில்லை. கடைசியில் குழைந்தான்: "சரி, சரி. பாதிப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மெல்லப் பேசச் சொல். காது வலிக்கிறது."

டூகல் நல்லவன், பாதியாவது கிடைக்கிறதே என்று அவன் மனம் இளகத்தான் செய்தது. ஆனால் அந்தத் தொண்டைக்குத் தாழ்த்தத் தெரியாது. பாதிக்கும் முழுக்குரல், முழுமைக்கும் அதே முழுக்குரல். அவன் நிமிர்ந்து நடந்தான். காளை அவன் பின்னே நடந்தது. கலைமானும் நீர்நாயும் மூட்டைகளை ஏரிக்கரையிலேயே போட்டுவிட்டுப் பின்தொடர்ந்தன. முன்னால் அவர்கள் வரவர, தன் முறை வராமலே வாடை பின்வாங்கி, மலைமுகட்டைக் கடந்து வெளியே நின்றான். அவன் விதித்த விதியே அவனை வெளியே நிறுத்திற்று. இன்றும் அவன் வருவான், உறுமுவான். ஆயினும் குடியேற முடியாது.

நம் ஊர்க் காவல்துறை அணிவகுப்பிலும் கல்யாண ஊர்வலத்திலும் தோளில் சாய்த்து ஊதுகிறார்களே, பேக்பைப் என்கிற அந்தப் பைக்குழல் அதுதான். அதை மெல்ல வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், முடியாது. ஊதுகிறவர் மூச்சு வாங்கும்போது அது நிற்கிறதா என்று காது கொடுத்துப் பாருங்கள், நிற்காது. மூன்று முன்னோரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எவருக்கும் முறை விட்டுக்கொடுக்காமல் அது பேசிவருவது, ஆர்வா பள்ளத்தாக்கின் வழக்குத் தீர்ந்த அந்த நாளிலிருந்துதான்: மார்கழித் திங்கள் பதினாறாம் நாள், ஆங்கிலக் கணக்கில் டிசம்பர் முப்பத்தொன்று, வியாழக்கிழமை, சூரியன் மலையில் விழுவதற்குச் சற்று முன்.