ராட்டினத்துக்குக் கீழே நின்றவள்

குழந்தைவேலுவுக்கு அறுபது நெருங்குகிறது. அவருடைய குருவுக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. குரு சீடனை ‘அண்ணா’ என்று கூப்பிடுவார். சீடன் குருவை ‘வாத்தியாரம்மா’ என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும், தொழில் கற்றுக்கொள்ள வயசு என்ன கெட்டது?

வாத்தியாரம்மாவின் பெயர் அமலோற்பவம். மாதா கோயில் திருவிழாக்களில் ராட்டினம் போட்ட குடும்பம். அப்பன் மரத்தில் போட்டதை மகள் இரும்பில் போட்டார். பிறகு, எந்தப் பூங்காவில் எது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிற ஆளாக ஆனார். அவர் கைபட்ட பூங்காக்களுக்கு ஒருமுறை போனவர்கள் அடுத்த லீவுக்கும் அங்கேதான் போவார்கள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. “என்னமோ, அங்க நல்லாருக்கும்” என்பார்கள்.

குழந்தைவேலு தன் மில்லை மகனிடம் விட்டுவிட்டு, தொழில் கற்றுக்கொள்ளச் சில வருஷம் வாத்தியாரம்மா பின்னாலேயே அலைந்தார். போகிற இடத்திலெல்லாம் வாத்தியாரம்மா முதலில் உட்கார இடம் தேடுவார். ஒரு கல்லோ கட்டையோ கிடைத்தால் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் பார்ப்பார். அந்த அம்மாவுக்கு மூட்டுவலி என்று குழந்தைவேலு நினைத்தார். நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார்.

பிறகு சங்ககிரி தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டி, சொந்தமாக ஒரு பூங்கா கட்டினார். நிலம் அவர் மனைவி பாவாயியின் பிறந்தவீட்டுப் பங்கு. பூங்காவுக்குக் குதூகலபுரி என்று பெயர் வைத்தார். பெயரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

முதல் கோடையில் ஜனம் அலைமோதியது. அடுத்த கோடையில் பாதி வந்தது. அதற்கப்புறம் வருகிறவர்களும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே கிளம்பிவிட்டார்கள். ஆள் இல்லாத ராட்டினத்துக்குப் பாட்டு போட்டுக்கொண்டிருப்பதைப் போல வயிற்றெரிச்சல் வேறு கிடையாது. குழந்தைவேலு அதைத் தினமும் கேட்டார். தூக்கம் போயிற்று. கடைசியில் வெட்கத்தை விட்டு வாத்தியாரம்மாவை வரவழைத்தார்.

“நீங்க பண்ணிக்குடுத்த பாலக்காட்டுப் பூங்காவில ராட்டினம் கொஞ்சந்தானுங்க. என்கிட்ட அதைப்போல மூணு பங்கு இருக்குது. ஜனம் அங்கதான் போகுது. இங்க ஒருக்கா வந்தவங்க மறுக்கா வர்றதில்லீங்க. இந்த லீவுலயும் இப்படியே போச்சுன்னா மூடிப்போட வேண்டியதுதான். எனக்கு என்ன குறைச்சல், வாத்தியாரம்மா?”

“வீட்டுலேருந்து யாரு வருவாங்க, அண்ணா?”

“எங்கீங்க?”

“பூங்காவுக்கு. தனி ஆளாப் போயிப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. குடும்பமா போகணும்.”

“பாவாயி இருக்கா. ஆனா வர மாட்டாளுங்க. திறப்பு விழா அன்னைக்கு வந்தவதான். அப்புறம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலை. ராட்டினத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுத்தும்.”

“நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க. இன்னொண்ணு. இன்னைக்கு நீங்க முதலாளி இல்லை. டிக்கெட் எடுத்து முன்வாசல் வழியா வரணும்.”

பாவாயி வந்தார். விருந்தாளி கூப்பிட்டு மறுப்பது அவர் வழக்கமில்லை. வெறுங்கையோடு வருவதும் வழக்கமில்லை. விடியலில் எழுந்து புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, கட்டுச்சோறாகத் தூக்குப்போசியில் எடுத்து வந்திருந்தார்.

வாசலில் நின்ற காவலாளி ஏஜென்சியிலிருந்து நேற்று வந்த ஆள். குழந்தைவேலு எப்போதும் பின்வாசலில் காரில் வந்து இறங்குகிறவர். அந்த ஆளுக்கு அவரைத் தெரியாது.

“பையைத் திறங்கம்மா. வெளிச் சாப்பாட்டுக்கு உள்ள அனுமதி இல்லை.”

“சோறுதான் சாமி. வீட்ல செஞ்சது.”

“எனக்கு மட்டும் இதைக் கொட்டணும்னு ஆசையா? மேல இருக்கிறவங்க உத்தரவும்மா.”

பக்கத்தில் ஒரு நீல டிரம். அதற்குள் அன்று காலை வந்தவர்களின் எலுமிச்சைச் சாதமும் இட்லியும் கிடந்தன.

குழந்தைவேலு வாத்தியாரம்மாவைப் பார்த்தார்.

“சொல்றதுன்னா சொல்லுங்க அண்ணா. வாய் உங்களுது.”

தான்தான் முதலாளி என்று அவர் சொல்லவில்லை. இது ஏதோ பரீட்சை, வாயைத் திறந்தால் பதில் கிடைக்காமல் போய்விடும் என்று நினைத்துவிட்டார். இந்த மனுஷனை என்ன சொல்ல! காவலாளி தூக்குப்போசியைக் கவிழ்த்தார். வெறும் போசியைப் பாவாயி வாங்கி, முந்தானையால் விளிம்பைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“உங்களுக்குன்னுதான் செஞ்சேன், அம்மிணி” என்றார் வாத்தியாரம்மாவிடம்.

“தெரியுதுக்கா” என்றார் வாத்தியாரம்மா. அவர் முகம் வாடிப்போயிருந்தது.

உள்ளே போனார்கள். ராட்டினம் ஓட்டுகிறவர்கள் முதலாளியைப் பார்த்துப் பதறி எழுந்தார்கள். அவர் கையைக் காட்டி உட்கார்த்திவிட்டார்.

“எல்லாத்துலயும் ஏறுங்க, அண்ணா” என்றார் வாத்தியாரம்மா.

“நானா?”

“பின்னே யாரு?”

முதலில் கொலம்பஸ் கப்பல். கண்ணாடி விழுந்துவிடும் என்று கழற்றினார். கை தானாக நீண்டது. பாவாயி வாங்கிக்கொண்டார். அடுத்தது ரோலர் கோஸ்டர். போனும் கார் சாவியும் பாவாயியிடம் போயின. அலைக்குளத்தில் சட்டையும் கடிகாரமும் செருப்பும் போயின. எதைக் கொடுக்கும்போதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் ஆணி இருக்கிறது என்று தெரிந்தால் யார் பார்த்து மாட்டுகிறார்கள்?

வாத்தியாரம்மா தன் பையைத் தோளில் குறுக்காகப் போட்டு இடுப்போடு கட்டியிருந்தார். யாரிடமும் எதையும் கொடுக்கவில்லை.

அலைக்குளத்திலிருந்து ஏறி வந்து பாவாயி நீட்டிய துண்டைப் போர்த்திக்கொண்டு, ஈரக் கால்களோடு அப்படியே ஜெயன்ட் வீலில் ஏறினார் குழந்தைவேலு. இறங்கியதும் வாத்தியாரம்மா கேட்டார்.

“மேலேருந்து என்ன தெரிஞ்சுது?”

“எல்லாமுந் தெரிஞ்சுதுங்க! சங்ககிரி மலை தெரியுது. ரோட்டுல போற லாரி தெரியுது. தெற்கால மூலையில காலி இடம் கிடக்குது பாருங்க, அங்க ஒரு பெரிய சறுக்கு போட்டா எப்படி இருக்கும்?”

“இன்னொரு தடவை ஏறுங்க.”

ஏறினார். இறங்கினார்.

“இப்போ?”

“வடக்கால சுவத்துல பெயின்ட் போயிருச்சுங்க. அதுதான் குறையா?”

“கீழே என்ன தெரிஞ்சுது?”

“கீழே என்ன... ஆளுங்கதான். சும்மா நிக்கிற ஆளுங்க.”

வாத்தியாரம்மா பெருமூச்சு விட்டார்.

சும்மா நிற்கிற ஆட்கள் என்று அவர் சொன்னது யாரை என்றால், வேலியை ஒட்டி நின்ற பொம்பளைகளை. ஒருத்தி இடுப்பில் தூங்குகிற குழந்தை. ஒருத்தி இரண்டு கையிலும் அடுத்தவர் செருப்பு. ஆம்பளை ஒருவரும் இருந்தார், முழங்கால் கட்டோடு. ஜெயன்ட் வீலின் தூண் நிழல் ஒரு முழ அகலத்துக்கு விழுந்திருந்தது. அதில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். பாவாயி வரிசையின் கடைசியில் நின்றார். அவர் தலைக்கு நிழல் எட்டவில்லை. அவரைப் பார்த்தால் நிற்கிறதற்கென்றே வந்தவர் மாதிரி இருந்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு பெண்கூட, “அக்கா, இதைக் கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று தன் பையை அவர் காலடியில் வைத்துவிட்டு ராட்டினத்துக்கு ஓடினாள்.

ஆரம்பத்தில் அங்கே பெஞ்சுகள் இருந்தன. “உட்கார்ந்துட்டா காசு எடுக்க மாட்டாங்க, சுத்த விடணும்” என்று குழந்தைவேலுதான் பெயர்த்து எடுக்கச் சொன்னார். வேப்பமரங்களின் இலை அலைக்குளத்தில் விழுகிறது என்று அவற்றையும் வெட்டியாயிற்று. அதெல்லாம் தன் சாமர்த்தியம் என்று அவர் இன்றுவரை நினைத்திருந்தார்.

எல்லா ராட்டினமும் முடிந்தன. குழந்தைவேலுவுக்கு மேல்மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் சின்னப் பிள்ளையின் சிரிப்பு.

“வாத்தியாரம்மா, சத்தியமாச் சொல்றேன், ஒண்ணுகூடச் சோடை இல்லீங்க. அத்தனையும் அருமையா ஓடுது. அப்புறம் எதுக்கு ஜனம் வரமாட்டேங்குது? நீங்க காலையிலிருந்து ஒரு வார்த்தையும் சொல்லலையே. அந்தப் பாலக்காட்டுப் பூங்காவில இருக்கிற எது இங்க இல்லை?”

“உங்க செருப்பு எங்கே, அண்ணா?”

அவர் காலைப் பார்த்தார். வெறுங்கால். சிமெண்டுத் தரை கொதித்தது. சந்தோஷத்தில் இதுவரை உறைக்கவில்லை.

“பாவாயிகிட்ட இருக்குதுங்க.”

“பாவாயி அக்கா எங்கே?”

அவர் திரும்பினார். வேலியோரம் பார்த்தார். நிழல் இன்னொரு பக்கம் போயிருந்தது. அதில் வேறு யாரோ நின்றார்கள்.

“இங்கதான... இங்கதான நின்னா?”

“எப்போ பார்த்தீங்க?”

மலையும் லாரியும் தெரிந்த கண்ணுக்கு, கண்ணாடி இல்லாமல் தூரத்து முகம் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. சட்டையில்லாத உடம்பில் ஈரத்துண்டோடு தன் பூங்காவுக்குள் ஓடினார். “பாவாயி! ஏய் பாவாயி!” ஒலிபெருக்கியில் ஓடிய பாட்டு அவர் குரலை அமுக்கியது. நிறுத்தச் சொல்லக் கையை ஆட்டினார். யாருக்கும் புரியவில்லை. கால் பொரிந்தது. தன் பூங்கா எவ்வளவு பெரிசு என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கேயாவது உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தார். எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று யோசித்தபோது, உட்கார ஒரு இடமும் நினைவுக்கு வரவில்லை.

பாவாயியைக் கண்டுபிடித்தது வாத்தியாரம்மாதான். வாசலுக்கு வெளியே, ரோட்டைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தில். ஊராட்சி கட்டிய திண்டு ஒன்று அங்கே இருந்தது. மேலே ஒரு தகரக் கூரை. பாவாயி அதில் உட்கார்ந்து, மடியில் சட்டையை மடித்து வைத்து, அதன் மேல் கடிகாரம், கண்ணாடி, போன், சாவி எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார். செருப்பு திண்டுக்குக் கீழே, ஜோடி பிசகாமல். அந்த முன்பின் தெரியாத பெண்ணின் பையைக்கூட அவளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறார்.

“இங்க வந்து உட்கார்ந்திருக்கிற? உசுரே போயிருச்சு எனக்கு!”

“கால் கடுத்துப் போச்சுங்க.”

“சொல்லியிருக்கலாமல்ல?”

“சொன்னனுங்க. ஜெயன்ட் வீலுக்குப் போறப்ப சொன்னேன். நீங்க துண்டை வாங்கிட்டுப் போயிட்டீங்க.”

“திறப்பு விழா அன்னைக்கும் இப்படித்தானுங்க” என்றார் பாவாயி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை. “உங்களுக்குப் போட்ட மாலை, சால்வை அத்தனையும் என் கையிலதான். எங்கப்பன் குடுத்த காட்டுல, எனக்கு ஒரு நாற்காலி போட யாருக்கும் தோணலை. சரி, விசேஷ நாளு, ஆயிரம் வேலை இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது, அது விசேஷத்தால இல்லை, என்னைக்கும் இப்படித்தான்னு.”

தாரமங்கலம் பஸ் தூரத்தில் வந்தது. பாவாயியின் தம்பி வீடு அந்த வழியில்தான்.

பாவாயி எழுந்தார். கண்ணாடியை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தார். போனைக் கொடுத்தார். சாவியைக் கொடுத்தார். கடிகாரத்தைக் கொடுத்தார். சட்டையை உதறி அவர் தோளில் போட்டார். குனிந்து செருப்பை எடுத்து, அதையும் அவர் கையிலேயே வைத்தார். கடைசியில் முந்தானை முடிச்சை அவிழ்த்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். அதையும் கொடுத்தார்.

“இதெதுக்கு? பாவாயி, இதெதுக்கு எனக்கு?”

“உங்களுதுதானுங்க.”

“சாயங்காலம் வந்திருவியா? நாளைக்கு?”

பஸ் நின்றது. வெறும் தூக்குப்போசி இருந்த பையை எடுத்துக்கொண்டு பாவாயி ஏறினார். ஜன்னலோரம் இடம் இருந்தது. உட்கார்ந்தார். “உடம்பைப் பார்த்துக்குங்க, அம்மிணி” என்று வாத்தியாரம்மாவிடம் மட்டும் சொன்னார்.

பஸ் போய்விட்டது.

இரண்டு கையிலும் சாமான்களை ஏந்திக்கொண்டு குழந்தைவேலு ரோட்டோரம் நின்றார். எதைக் கீழே வைத்து எதைப் போட்டுக்கொள்வது என்று தெரியவில்லை. உள்ளே யாருமில்லாத ஒரு ராட்டினத்துக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“நாளைக்கே பெஞ்சு போட்டுர்றேனுங்க” என்றார். அழுதுகொண்டே சொன்னார். “ஒவ்வொரு ராட்டினத்துக்கு எதிர்லயும் போடறேன். பந்தல் போடறேன். மரம் வைக்கறேன். அந்த டிரம்மைத் தூக்கி எறிஞ்சர்றேன். அதுதானுங்களே வாத்தியாரம்மா? அதுதான குறை?”

“அதுதான்.”

“போட்டா ஜனம் வருமுங்களா?”

“வருவாங்க.”

“பாவாயி?”

வாத்தியாரம்மா பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“அவங்க கையில இருந்ததையெல்லாம் குடுத்துட்டாங்களே, அண்ணா. இனி எதுக்கு வரணும்?”