சிலுப்பி பிரித்த தையல்

குளக்கரைப் பூவரச மரத்தில் சிலுப்பி என்ற தையல்சிட்டு கூடு தைக்கத் தொடங்கியது. அதற்கு ஓரிடத்தில் நிற்கவே தெரியாது. ஒரு கிளையில் உட்கார்ந்தால் மறுகிளை நினைவு வரும். பஞ்சு எடுக்கப் பறந்தால் பாதி வழியில் புழு நினைவு வரும். இப்போது வயிற்றில் முட்டை வேறு! இரண்டு நாளில் இட்டாக வேண்டும்.

அகன்ற இலையைச் சுருட்டி, அலகால் துளை போட்டு, சிலந்தி நூலும் இலவம்பஞ்சும் கோத்து இழுத்தால் பைபோலக் கூடு வந்துவிடும். தைப்பது சிலுப்பி. நூல் கொண்டுவருவது அதன் துணை நெட்டைவாலன்.

"சீக்கிரம் கொண்டா! சீக்கிரம்!" என்று சிலுப்பி குதித்தது.

"இப்பத்தானே ஒண்ணு கொடுத்தேன்!"

"அது தைச்சாச்சு!"

தைத்தது உண்மைதான். ஆனால் ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவே சிலுப்பியின் தலையே நுழையும். துளைகள் பெரும்பாலும் இலையின் விளிம்பிலேயே இருந்தன. நூலின் முனை முடிச்சில்லாமல் தொங்கியது.

கீழே புதரிலிருந்து ஒரு செம்போத்து சிவந்த கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. முட்டை என்றால் அதற்கு உயிர்.

"அடடா! என்ன தையல், என்ன தையல்!" என்றது செம்போத்து. "தங்கச்சி, இந்தக் குளக்கரையிலே உன்னை மாதிரி தைக்க ஆளே கிடையாது!"

சிலுப்பிக்குத் தலைகால் புரியவில்லை. "நிஜமாவா அண்ணே?"

"பின்னே? இதுக்கு மேலே ஒரு தையல்கூடப் போடாதே. அழகு கெட்டுப்போகும்!"

நெட்டைவாலனுக்கு மனசு கேட்கவில்லை. "ஓரத்தை ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாமா?" என்றது.

"உனக்கென்ன தெரியும்? அண்ணனே சொல்லிட்டாரு!" என்று சிலுப்பி அதை விரட்டியது.

மூன்றாம் நாள் காலை சிலுப்பி முதல் முட்டையை இட்டது. உச்சி வேளையில் குளத்துப் பக்கமிருந்து காற்று வீசியது. நூல் ஒன்று நழுவியது. இலையின் விளிம்பு பர்ரென்று கிழிந்தது. சிலுப்பி பாய்ந்து வருவதற்குள் முட்டை தரையில் விழுந்து உடைந்தது.

செம்போத்து அங்கே தயாராக நின்றது! மஞ்சள் கருவை ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டு அலகைப் புல்லில் துடைத்தது.

"வருத்தப்படாதே தங்கச்சி! உனக்கு இன்னொரு கூடு எம்மாத்திரம்? இதே மாதிரி தை! இதே மாதிரி!" என்று சொல்லிவிட்டுப் பறந்து போனது.

அது ஏன் அப்படிப் புகழ்ந்தது என்று சிலுப்பிக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டுக் கிளைக்குத் தாவியது. எதிலும் நிற்க முடியவில்லை. விடிந்தால் அடுத்த முட்டை!

"வேற மரத்துக்குப் போயிடலாம்!" என்றது நெட்டைவாலன்.

"மரமா கிழிஞ்சுது? என் தையல்தானே கிழிஞ்சுது!" என்றது சிலுப்பி.

கிழிந்த இலையின் முன்னால் போய் உட்கார்ந்தது. விளிம்பில் போட்ட துளைகளெல்லாம் பிய்ந்திருந்தன. தவறிப்போய்ச் சற்று உள்ளே தள்ளிப் போட்ட ஒரே துளை மட்டும் முழுசாக இருந்தது. பலமாக இழுத்த இடத்தில் நூலே இலையை அறுத்திருந்தது. முனையைப் பிரித்து முடிச்சாக்காததால் நூல் உருவிக்கொண்டு போயிருந்தது.

பக்கத்தில் பூச்சி அரித்த இலை ஒன்று தொங்கியது. கூட்டுக்கு உதவாது, பழகிப் பார்க்க உதவும். சிலுப்பி அதில் தைத்தது. தையல்கள் தள்ளித் தள்ளி விழுந்தன. பிரித்தது. மறுபடி தைத்தது. இழுத்த வேகத்தில் இலை சுருங்கியது. அதையும் பிரித்தது. பறக்கச் சொல்லிக் காலெல்லாம் குறுகுறுத்தது. எதிரே ஒரு வெட்டுக்கிளி குதித்தது. சிலுப்பி அதைப் பார்த்தது, பெருமூச்சு விட்டது, மறுபடி துளை போட்டது.

"ஏன் பிரிச்சுக்கிட்டே இருக்கே? நல்லாத்தானே இருக்கு!" என்றது நெட்டைவாலன்.

"இழுத்துப் பாரு!"

இழுத்தது. தையல் கையோடு... இல்லை, அலகோடு வந்துவிட்டது!

"இன்னும் கொஞ்சம் நூல் கொண்டா!"

ஆறாவது தடவை தைத்ததும், "இப்ப இழு!" என்றது சிலுப்பி. நெட்டைவாலன் இழுத்தது. தலைகீழாகத் தொங்கியே பார்த்தது. தையல் அசையவில்லை!

அதன்பிறகுதான் சிலுப்பி நல்ல இலையில் அலகை வைத்தது. விளிம்பிலிருந்து சற்று உள்ளே, நெருக்க நெருக்கமாய், இழுத்தும் இழுக்காமலும் தைத்தது. ஒவ்வொரு முனையிலும் பஞ்சைப் பிரித்துப் பூப்போல முடிச்சிட்டது. பொழுது சாய்வதற்குள் கூடு முடிந்தது. விடிந்ததும் அதில் முட்டை இட்டது.

வெயில் ஏறியதும் செம்போத்து வந்தது. "தங்கச்சி! புதுக்கூடு எங்கே? காட்டு, எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்றேன்!"

அது கேட்டுக்கொண்டு நின்றதே கூட்டுக்கு நேர் கீழேதான்! காற்று பலமாக வீசியது. எல்லா இலைகளோடும் அந்த இலையும் ஆடியது. எது இலை, எது கூடு என்று செம்போத்துக்குத் தெரியவில்லை. சிலுப்பி தூரத்துக் கிளையில் குதித்துக்கொண்டே சொன்னது:

"இன்னும் தைக்கலை அண்ணே! எனக்கு ஏது பொறுமை?"

செம்போத்து புதர் புதராகத் தேடி அலுத்து அக்கரைக்குப் போய்விட்டது. சிலுப்பி மேலும் இரண்டு முட்டை இட்டு அடைகாத்தது. இரண்டு வாரத்தில் பூவரச மரத்தில் மூன்று குஞ்சுகள் வாய் பிளந்து கத்தின.

தன் வேலையை அடுத்தவர் புகழ்ச்சியால் அளக்காமல், தானே இழுத்துப் பார்த்து, பிழையான இடத்தைச் சலிக்காமல் பிரித்துத் தைப்பவருக்கே தையல் கைவரும்.